நுரை நிற்கும் கிணறு

அக்டோபர் 6, வியாழன்

இன்று வனீஸா வந்தாள். வியாழன் தவறாமல் வருவாள். வெள்ளிக்கிழமைக் கல்யாணங்களில் பெண்கள் பந்தலுக்குத் தேநீர் போடுபவள் அவள். அதற்கு என் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் அவளுக்கு. தம்பி ஃபரஜ் வண்டி ஓட்டிக்கொண்டு வருவான், இறங்க மாட்டான். கண்ணாடியை இறக்கி ஒரு சலாம், அவ்வளவுதான். கேன்களை அவளே இறக்கி வைப்பாள்.

"மோட்டாரப் போடுங்க ஹாஜி. பொண்ணு வீட்ல இன்னிக்கே அடுப்புக் கரியப் பத்த வச்சுட்டாங்க."

நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. மனதால் போயிருக்கிறேன், அதுவும் பல தடவை. இந்த வயதில் எல்லோரையும் ஹாஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மற்றவர்கள் சொல்வது வேறு, அவள் சொல்வது வேறு.

கேன் நிரம்புகிற நேரத்தில் என் தாத்தா இந்தக் கிணற்றைத் தோண்டிய கதையைச் சொன்னேன். ஒரே போடு. தண்ணீர் பீறிக்கொண்டு வந்து அவரைத் தூக்கி ஆலிவ் மரத்தின் மேல் போட்டுவிட்டது.

"போன வாரம் அத்தி மரம்னீங்க."

"ரெண்டு மரம். மொதல்ல ஆலிவ், அங்கேர்ந்து தவறி அத்தி."

உடம்பைச் சுற்றியிருந்த வெள்ளைப் போர்வையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

இந்த ஊரில் நடந்த நல்ல கல்யாணங்கள் எல்லாம் என் கிணற்றால் நடந்தவை. இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை – ஒரு சிலரிடம்தான் சொல்லியிருக்கிறேன், இங்கிருந்து திரிப்போலிவரை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவள் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினால் நுரை எழும்பும். கிளாசில் பாதி தேநீர், பாதி நுரை. மாப்பிள்ளையின் தாய் அதன்மேல் ஒரு வாதுமைப் பருப்பை வைப்பாள். அது அமிழாமல் நிற்க வேண்டும். வனீஸாவின் தேநீரில் நிற்கும். நானாக இருந்தால் ஒரு ஆட்டுக்குட்டியையே நிறுத்திக் காட்டுவேன்.

வண்டி போன பிறகு சிமெண்டுத் தரையில் கேன்களின் ஈர வட்டங்கள் கிடந்தன. காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அதிகம், சீக்கிரம் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 8, சனி

வியாழக்கிழமை இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

அக்டோபர் 11, செவ்வாய்

என் தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் பழைய சோப்புத்தூள் ஆலை. நாட்டில் சண்டை வந்த வருடம் மூடியது, அப்படியே துருப்பிடித்துக் கிடக்கிறது. இன்று அதன் வாசலில் பெரிய பலகை வைத்துவிட்டார்கள். பலகையில் அடுக்குமாடி வீடுகள், நீரூற்று, பலூன் பிடித்த ஒரு குழந்தை. ஆலையை இடித்துவிட்டுப் புதுக் குடியிருப்பு கட்டப் போகிறார்களாம்.

மாலையில் அந்தக் குடியிருப்பு கட்டும் கம்பெனிக்காரர் நூரி வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அத்தர் வந்தது. பேரீச்சம்பழம் வைத்தேன், நான்கைந்தை ஒரே மூச்சில் தின்றார்.

"ஹாஜி, இந்த ஊர்ல நீங்க பேசினா எல்லாரும் கேப்பாங்களாமே?"

"கேப்பாங்களாவா? அழுதுடுவாங்க."

விஷயம் இதுதான். ஆலை ஓடிய காலத்தில் கழிவுத் தண்ணீரைப் பின்பக்கம் ஒரு குழியில் விட்டார்களாம். அது மண்ணுக்குள் இறங்கியிருக்கும், அஸ்திவாரம் தோண்டினால் எல்லாக் கிணற்றுக்கும் வந்துவிடும் என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் நகராட்சி மண்டபத்தில் கூட்டம். ஆலைக்குப் பக்கத்துக் கிணறு என்னுடையது. எல்லோருக்கும் முன்னால் அந்தத் தண்ணீரை நான் ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"மைக் குடுப்பீங்களா?"

"குடுப்போம் ஹாஜி."

பெண்களுக்கும் அந்த மண்டபத்தில் தனி வரிசை உண்டு. வனீஸா வருவாள். எந்தத் தொப்பி போடுவது? கறுப்புதான். கறுப்பில் நான் பழைய காலத்து ராணுவத் தளபதி மாதிரி இருப்பேன் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 16, ஞாயிறு

ஹாஜர் வந்தாள். என் அக்கா மப்ரூக்காவின் மகள். மிஸ்ராத்தா பல்கலைக்கழகத்தில் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். எங்கள் குடும்பத்தில் மூளை தாய்மாமன் வழியாகத்தான் இறங்கும். ஐந்தாம் வகுப்போடு நான் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், அதற்கு மேல் சொல்லித்தர வாத்தியாருக்கு எதுவும் இருக்கவில்லை.

நகராட்சி கேட்டதால் ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் எல்லாம் தண்ணீர் எடுக்கிறாளாம். நம் கிணற்றிலும் ஒரு பாட்டில் பிடித்தாள். மூடி போட்டுக் குலுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நுரை கழுத்துவரை ஏறி நின்றது.

"பாத்தியா! இந்த நாட்டுல வேற எந்தக் கிணத்துல இப்படி நிக்கும்?"

அவள் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"மாமா, இதுல டீத்தூளே போடலையே."

"அதான் சொல்றேன், போடாமயே நிக்குது!"

"தேயிலையில நுரை வந்தா சரி. பச்சத் தண்ணியில எப்படி வரும்? துணி தொவைக்கிற தண்ணியிலதான் வரும்."

தெற்கே மேட்டுப் பக்கத்துக் கிணறுகளில் ஒரு குமிழிகூட இல்லையாம். ஆலையிலிருந்து கடல் பக்கமாகச் சரியும் நிலத்துக் கிணறுகளில் மட்டும் இப்படி நிற்கிறதாம். நிலத்தடித் தண்ணீரும் கடலைப் பார்த்துத்தான் நடக்குமாம். சோப்பு மட்டுமென்றால் பரவாயில்லை, கூட வேறு என்னென்ன வருகிறதோ, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும் என்றாள். அதுவரை குடிக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

எனக்கு வந்ததே கோபம்! அவள் கண் முன்னாலேயே ஒரு கிளாஸ் மொண்டு மடக்மடக்கென்று குடித்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடுவேன் மாமா."

அக்கா பேச்சு வந்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 17, திங்கள்

பள்ளிவாசல் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக் குலுக்கினேன். ஒன்றுமில்லை. என் தண்ணீரைக் குலுக்கினேன். தோட்ட வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் பாட்டிலுக்குள் வெள்ளை வளையம் அப்படியே இருந்தது.

ஊற்றுகிறவள்தான் முதலில் ருசி பார்ப்பாள். ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு சுற்றுக்கும். வனீஸா எத்தனை வருடமாக–

சொல்ல வேண்டும். சொன்னால் தண்ணீர் எடுக்க மாட்டாள். தண்ணீர் எடுக்காவிட்டால் வியாழக்கிழமை இங்கே அவளுக்கு என்ன வேலை?

எழுதிவிட்டு இதைத் திரும்பப் படித்தேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. கோடு போட்டு அடிக்கவில்லை.

அக்டோபர் 20, வியாழன்

மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

"நேத்து தோட்டத்துக்குத் தண்ணி பாஞ்சுக்கிட்டிருந்துதே, ஃபரஜ் பாத்தானாமே?"

"அதான் அதோட கடைசி மூச்சு."

இந்த வெள்ளி கல்யாணம் இல்லை, அடுத்த வாரத்துக்குத்தான் கேட்டாள். வெறும் கேன்களோடு திரும்பப் போனாள். விஷம் அவள் கைக்குப் போகவில்லை, நல்லதுதான். அதோடு விட்டிருக்கலாம். "சனிக்கிழமை வா, சரியாயிடும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்டோபர் 22, சனி

வந்தாள்! மோட்டாரின் உள்ளே இருக்கும் ஒரு சின்னச் சக்கரம் இத்தாலியிலிருந்து வர வேண்டும், கப்பல் மால்டாவில் நிற்கிறது என்றேன். கப்பலின் பெயர்கூடச் சொன்னேன்.

உடனே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். ஃபரஜ்கூட வண்டியை விட்டு இறங்கி எலுமிச்சை மரத்தடியில் கண்ணயர்ந்தான். இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு நேரம் இங்கே இருந்ததில்லை. செத்துப்போன கணவனைப் பற்றிப் பேசினாள். அவன் காபி மட்டும்தான் குடிப்பானாம். ஊரே அவள் தேநீருக்காக வரிசையில் நின்றபோது அவன் மட்டும் ஒரு வாய்கூடக் குடித்ததில்லையாம்.

"கோவம் வராதா?"

"வரும். மத்தவங்க வீட்டு விசேஷத்துல இன்னும் ஒசரத் தூக்கி ஊத்துவேன்."

அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் இன்னிக்குக் கதையே சொல்லல?" என்று கேட்டாள்.

அந்தக் கப்பல் மால்டாவிலேயே நிற்கட்டும். ஒரு வருடம் நிற்கட்டும்.

அக்டோபர் 29, சனி

அக்கா போன் பண்ணினாள். நேற்று கோழிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். வனீஸா பள்ளிவாசல் தண்ணீரில் தேநீர் போட்டிருக்கிறாள். தூக்கித் தூக்கி ஊற்றியும் நுரை கட்டவில்லை. சம்பந்தி அம்மாள் வாதுமையை வைத்தாள், நேராக அடிக்குப் போய்விட்டது. திரிப்போலியிலிருந்து வந்த ஒருத்தி, "இது டீயா, இருமல் கஷாயமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாளாம். ஒரு பந்தல் நிறையச் சிரிப்பு.

"வனீஸாவுக்குக் கைப்பக்குவம் போயிடுச்சுன்னு பேசிக்கிறாங்கடா. வர்ற வாரக் கல்யாணத்துக்குப் பக்கத்து ஊரு கும்ஸ்லேர்ந்து வேற ஒருத்தியக் கூப்பிட்டுட்டாங்களாம்."

நான்தான். நான்தான் பண்ணினேன். சக்கரமாம், கப்பலாம்! உண்மையைச் சொல்லியிருந்தா அவளே ஏதாவது வழி பண்ணியிருப்பாளே. நாளைக்குச் சொல்லிடணும். எப்படிச் சொல்றது? மொதல்ல என்னன்னு ஆரம்பிக்கிறது?

அக்டோபர் 30, ஞாயிறு

ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஃபரஜ் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வண்டியில் வனீஸா. நான் தடுக்கத் தடுக்க அந்த ஆள் மோட்டார் மூடியைக் கழற்றினான். முகர்ந்து பார்த்தான்.

"ஒண்ணுமே ஆவல ஹாஜி. புத்தம் புதுசா இருக்கு."

சுவிட்சைத் தட்டினான். தண்ணீர் பாய்ந்து வந்து தொட்டியில் விழுந்தது. விழுந்த இடத்தில் வெள்ளையாகப் பொங்கியது. இத்தனை காலம் அதைப் பார்த்துத்தானே மார்தட்டினேன்.

வனீஸா இறங்கி வந்து நின்றாள். பொங்கும் நுரையைப் பார்த்தாள். சொன்னேன். தாத்தா இல்லாமல், மரம் இல்லாமல், இருந்ததை மட்டும். ஹாஜர் சொன்னதை, பாட்டிலை, நான் ஏன் பொய் சொன்னேன் என்பதில் பாதியை. மீதிப் பாதியை எப்படிச் சொல்வது? ஃபரஜ் பக்கத்தில் நிற்கிறான்.

திட்டுவாள் என்று நினைத்தேன். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த நுரை… அது என் கைப்பக்குவம் இல்லையா?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். என்னைப்போல் வாய் உள்ளவன் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது. போய் மோட்டார் சுவிட்சை அணைத்தேன்.

"எத்தன பிள்ளைத்தாச்சிப் பொண்ணுங்களுக்கு என் கையால குடுத்திருக்கேன் ஹாஜி." அவ்வளவுதான் சொன்னாள். வண்டியில் ஏறிப் போய்விட்டாள். கேன்களை எடுத்துப் போகவில்லை.

நவம்பர் 2, புதன்

ஆய்வக முடிவு வந்துவிட்டதாம். ஹாஜர் போனில் படித்தாள். சோப்பு மருந்து, அதோடு இன்னும் இரண்டு சாமான். அவற்றின் பெயர்கள் இத்தாலியக் கால்பந்தாட்டக்காரர்கள் பெயர் மாதிரி இருக்கின்றன. குடிக்கவோ, சமைக்கவோ, கீரைக்குப் பாய்ச்சவோ கூடாது. குழியைக் காலி பண்ணாமல் அஸ்திவாரம் தோண்டித் தண்ணீரை இறைத்தால், இன்று சுத்தமாக இருக்கிற கிணறுகள் பக்கமும் அது நகர்ந்துவிடும்.

நூரியும் போன் பண்ணினார். "திங்கட்கிழமை மறந்துடாதீங்க ஹாஜி. மைக் ரெடி."

நவம்பர் 7, திங்கள்

மண்டபத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பலகையிலிருந்த அதே பலூன் குழந்தையின் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். நூரி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பூப்போட்ட தட்டில் ஒரு கிளாஸ். என் கிணற்றுத் தண்ணீர்தான், காலையில் ஆள் அனுப்பிப் பிடித்திருந்தார்கள். மைக் என் கையில் இருந்தது.

"இத நான் குடிக்க மாட்டேன்" என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மண்டபம் சட்டென்று அடங்கியது. ஆனால் மைக்கில் என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. நாக்கு பழக்கத்தில் ஓடிவிட்டது. அந்தக் குழி ஏழு மாடி ஆழம் என்றேன். பழைய காலத்தில் ஒரு ஒட்டகம் உள்ளே விழுந்து பனி மாதிரி வெளுத்து ஏறி வந்தது என்றேன்.

"ஒட்டகமா மிலாத்? போன வருஷம் கடற்கரையில திமிங்கலத்துக்குக் கயிறு போட்டேன்னியே, அது என்னாச்சு?" என்று பின்வரிசையிலிருந்து எவனோ என் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

மண்டபமே சிரித்தது. நூரியும் கை தட்டிச் சிரித்தார். "எங்க ஹாஜி இருக்கற எடத்துல சிரிப்புக்குப் பஞ்சமில்ல" என்றார். தண்ணீர் கெட்டுவிட்டது என்று மறுபடி சொன்னேன், சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். என் வாழ்நாள் முழுக்க அந்தச் சிரிப்புக்குத்தானே பேசினேன்? இன்று அது கல் மாதிரி வந்து விழுந்தது.

அப்போது பெண்கள் வரிசையில் வனீஸா எழுந்தாள். மைக் கேட்கவில்லை. பந்தலில் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"இந்த ஊர்ல என் டீயக் குடிக்காதவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

நடந்து வந்து மேடைத் தட்டிலிருந்த கிளாசை எடுத்தாள். தன் பையிலிருந்து ஒரு வெறும் பாட்டிலை எடுத்து அதில் ஊற்றி, மூடிக் குலுக்கி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கோழிக்கடைக்காரரின் மடியில் வைத்தாள்.

"வாதுமை இருந்தா வச்சுப் பாருங்க. நிக்கும். இது என் கைப்பக்குவம்னு நெனச்சீங்க. நானுந்தான் நெனச்சேன். இது சோப்பு. உங்க பொண்ணுங்களோட கல்யாணத்துல எல்லாம் நான் சோப்புத் தண்ணி ஊத்தியிருக்கேன்."

நூரி, "அம்மா, கொஞ்சம் உக்காருங்க" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த மனுஷன் பொய் சொல்லுவாரு. மரம் மாறும், ஒட்டகம் வரும். ஆனா இந்தத் தண்ணி எனக்கு வந்துடக்கூடாதுன்னு நல்ல மோட்டாரக் கெட்டுப்போச்சுன்னாரு. அதனால என் பொழப்பே போச்சு. நான் சொல்றேன், இன்னிக்கு அவர் சொன்னதுல ஒட்டகத்தத் தவிர எல்லாம் உண்மை."

யாரும் சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி எழுந்து, "எங்க கிணறு இவருக்கு அடுத்த கிணறு. நாங்க என்ன பண்றது?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள். அதன்பிறகு ஹாஜர் மேடையேறி ஆய்வக முடிவைப் படித்தாள். குழியைக் காலி பண்ணி மண்ணைப் பரிசோதிக்கும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று நகராட்சித் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மண்டபத்தை விட்டு வனீஸா தனியாகத்தான் நடந்து போனாள். எப்போதும் அவளைச் சுற்றிக்கொள்கிற பெண்களில் ஒருத்திகூடப் பக்கத்தில் வரவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

குழாய் வரும்வரை இனி லாரித் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு நகராட்சி ஆட்கள் கிணற்றுக்குக் கான்கிரீட் மூடி போட்டார்கள். அதன்மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி. எங்கள் வரிசையில் எல்லாக் கிணறுகளுக்கும் இப்படித்தான். என்னுடைய குறிதான் பெரியது.

டிசம்பர் 8, வியாழன்

யாரும் வரவில்லை. ஊரில் இரண்டு கல்யாணம், இரண்டுக்கும் கும்ஸ்காரிதான் தேநீர்.

வனீஸாவின் கேன்கள் இன்னும் இங்கேதான். கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுக்கப் போகிறேன் என்றால் அது ஒரு காரணம். ஆனால் கொடுத்துவிட்டால் அப்புறம் காரணமே இருக்காது. அதனால் இங்கேயே இருக்கட்டும்.

டிசம்பர் 29, வியாழன்

வனீஸாவை ரொட்டிக் கடையில் பார்த்தேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தாள். மெலிந்திருக்கிறாள்.

"நல்லா இருக்கீங்களா ஹாஜி?"

என்னிடம் மூன்று கதை தயாராக இருந்தது, ஒன்றில் கழுகுகூட வரும். "நல்லாருக்கேன்" என்று மட்டும்தான் வந்தது.

தெருமுனையில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். இல்லை, ஒரு தடவைதான்.

ஜனவரி 5, வியாழன்

வனீஸாவைப் பற்றி அக்காவிடம் சொல்லிவிட்டேன். தனிக்கட்டை நான் வேறு யாரிடம் சொல்வது? ஒரு வீட்டுப் பெண்ணைக் கேட்க நம் வீட்டுப் பெண்கள்தானே போக வேண்டும்.

"இந்த வயசுல உனக்கு இது கேக்குதா?"

"என்ன வயசாயிடுச்சு? அம்பத்தொம்பது."

"அறுபத்திரெண்டு. என் இடுப்புல வளந்தவன்டா நீ, எங்கிட்டயே அடிச்சுவிடறியா!" அப்புறம் என் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "நான் போறேன். ஹாஜரும் வரட்டும். நீ வாயத் தொறக்கக் கூடாது. உள்ளயே வரக்கூடாது."

ஜனவரி 14, சனி

அக்காவும் ஹாஜரும் வனீஸா வீட்டுக்குள் போனார்கள். நான் தெருவோரம் காரில் உட்கார்ந்திருந்தேன். ஃபரஜ் வெளியே வந்தான், சலாம் சொன்னான், பானெட்டில் சாய்ந்து நின்று ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான். ஊரில் சொன்னால் நம்புவார்களா, தெரியாது.

அக்கா வந்து ஏறினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னா?"

"யோசிக்கணும்னா."

"அவ்வளவுதானா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டா. அவர் வீட்டுக்கு நகராட்சிக் குழாய் வந்துடுச்சா, இல்ல இன்னும் லாரித் தண்ணிதானான்னு."

நான் வண்டியை எடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அக்காவைக் கேட்டேன், ஹாஜரைக் கேட்டேன்.

"மாமா, மொதல்ல வண்டிய எடுங்க" என்றாள் ஹாஜர். கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 17, செவ்வாய்

குழாய்க்காரன் காலையிலேயே வந்துவிட்டான். சமையலறைக்கு ஒரு இணைப்பு. குழாயை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டான். எனக்கென்றால் எங்கே வைத்தாலும் சரிதான். ரொட்டிக் கடை வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றதை நினைத்துப் பார்த்தேன். என் தோளுக்குக் கொஞ்சம் கீழே இருப்பாள். சுவரில் கையை வைத்து இங்கே என்று காட்டினேன். "ஹாஜி, உங்களுக்குக் குனிய வேண்டியிருக்குமே" என்றான்.

வை என்றேன்.